மேல்குரலைப் பிடிக்க எட்டு மாதம்: டான் கரையில் ஒரு பாட்டுப் பதிவு

போன மாதம் 14-ஆம் தேதி, பொக்ரோவ் என்ற தேவாலயத் திருநாளன்று, மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து "ஓய், நே வேச்செர்" பாட்டின் மேல்குரலை முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரை பாடினேன். மூன்றாம் கண்ணியில் தவறினேன், அதைக் கீழே சொல்கிறேன். ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. பிப்ரவரியில் எடுத்த வேலை அக்டோபரில் கைகூடியிருக்கிறது. நடுவில் இரண்டு முறை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ரஷ்யாவில், வோல்கோகிராடில். மாமியாரின் ஊர் கலாச்-நா-டனு பக்கம், டான் ஆற்றை ஒட்டிய ஒரு ஹூத்தர். குதிரைப்படை மரபுள்ள கொசாக்கு மக்கள் தங்கள் சிற்றூரை அப்படித்தான் சொல்வார்கள். காரில் ஒன்றரை மணி நேரம். அங்கே நான்கு பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். மாமியாருக்கு 68 வயது, இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள், நான்காமவருக்கு 81. அவரை ஊரே பாபுஷ்கா, அதாவது பாட்டி, என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே. மேல்குரல் அவருடையது. டான் பக்கத்தில் அதற்குத் திஷ்கந்த் என்று பெயர். மற்ற மூவரும் கீழே கதையைச் சொல்லிக்கொண்டு போக, ஒருவர் மட்டும் மேலே ஏறி, பெரும்பாலும் சொல்லே இல்லாமல், உயிரெழுத்துகளை இழுத்துக்கொண்டு தனிவழி போவார். அந்தக் குரல் இல்லையென்றால் பாட்டு கூரை இல்லாத வீடு மாதிரி இருக்கும்.

போன குளிர்காலத்தில் பாபுஷ்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதம் படுத்துவிட்டார். எழுந்தபோது மூச்சு முன்போல் இல்லை. "இனி இதை இவள் எடுத்துக்கொள்ளட்டும்" என்று என்னைக் காட்டினார். மற்றவர்களின் பெண்கள் எல்லோரும் மாஸ்கோவிலும் ரஸ்தோவிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் அந்த மேசைக்கு வந்து உட்காருகிறவள் நான் ஒருத்திதான்.

பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 1896–97-இல் அலெக்சாந்திரா ஷெலெஸ்னோவா என்பவர் உரால் கொசாக்குகளிடம் போய்ப் பாட்டுச் சேகரித்தபோது எழுதியெடுத்தது இது. "ஸ்தேன்கா ராசினின் கனவு" என்றும் இதைச் சொல்வார்கள். ராசின் டான் கொசாக், ஜாருக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர். 1670-இல் சாரித்சினைப் பிடித்தவர். அந்தச் சாரித்சின்தான் இன்றைய வோல்கோகிராட். 1671-இல் மாஸ்கோவில் அவரைக் கொன்றார்கள். பாட்டில் நடப்பது சின்ன விஷயம்தான். ஒருவன் கொஞ்சம் கண்ணயர்கிறான். கனவில் அவனுடைய கறுப்புக் குதிரை அவனைச் சுமந்தபடி துள்ளி ஆடுகிறது. கிழக்கிலிருந்து கெட்ட காற்று வந்து தலையிலிருந்த கறுப்புத் தொப்பியை அடித்துக்கொண்டு போகிறது. விடிந்ததும் எசாவுலிடம், அதாவது படைத்துணைவனிடம், கனவைச் சொல்கிறான். எசாவுல் சூட்சுமமானவன். உன் தலை போகப்போகிறது என்று பலன் சொல்லிவிடுகிறான். அத்தோடு முடிந்தது. எங்கள் மேசையில் ஐந்து கண்ணிகள் பாடுகிறார்கள். ஒரு கண்ணியின் கடைசிச் சொற்களைப் பிடித்துக்கொண்டே அடுத்தது தொடங்கும், நம் அந்தாதியைப் போல.

முதல் முயற்சி, பிப்ரவரி: கைபேசி. மேசை நடுவில் ஒரு துவாலையை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் கைபேசியை வைத்துப் பதிவு செய்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மேல்குரலை மட்டும் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், இரண்டாம் சொல்லுக்குமேல் எது யார் குரல் என்று சொல்ல முடியவில்லை. நான்கும் திறந்த குரல், நான்கும் ஒரே பலம். நடுவில் இரண்டு குரல் ஒரே சுரத்தில் வந்து சேரும்போது, பிரிந்து போகிறபோது மேலே போனது யார், கீழே இறங்கியது யார் என்று தெரியாது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தேன், மேல் அதிர்வெண்களைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் போனதுதான் மிச்சம்.

இரண்டாவது முயற்சி, மார்ச். இதில்தான் பெரிய தவறு செய்தேன். சினிமாப் பாட்டு பதிவு செய்வதுபோல ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டால் சிக்கலே இல்லை என்று நினைத்தேன். மாமியாரை முதலில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று ஓடவிட்டேன். அவர்தான் முன்பாட்டு. ஒவ்வொரு கண்ணியையும் அவர் தனியாக எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் பின்பாட்டாகச் சேருவார்கள். இரண்டு வரி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது என்ன மரங்கொத்தி?" என்று கேட்டார். மெட்ரோனோமை நிறுத்தினேன். அப்போது பாடினார், ஆனால் மற்றவர்கள் சேரவேண்டிய இடத்தில் அவரும் நின்றுவிட்டார். தொடர்ந்து பாடுங்கள் என்றேன். "யாரோடு?" என்றார்.

பாபுஷ்காவோடு இன்னும் சிரமம். மாமியாரின் அரைகுறைப் பதிவை அவர் காதில் ஓடவிட்டு, உங்கள் குரலை மட்டும் பாடுங்கள் என்று கேட்டேன். அவர் முன்பாட்டையே பாடினார். அது இல்லை, மேலே பாடுவீர்களே அது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர்கள் பாடினால்தான் எனக்கு அது வரும். தனியாக அது எங்கே இருக்கிறது?" என்றார். ஆறு மணி நேரம் நான்கு பேரையும் படுத்தி எடுத்துவிட்டு, உருப்படியாக ஒரு கண்ணிகூட இல்லாமல் திரும்பினேன். அன்று எல்லோருக்கும் முகம் வாடிப்போயிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பதிலில்தான் வழி இருந்தது. மேல்குரல் என்று தனியாக ஒரு மெட்டு இல்லை, மற்றவர்களைக் கேட்டு அந்த நேரத்தில் உண்டாவது அது. அப்படியானால் பிரித்துப் பதிவு செய்யக்கூடாது. சேர்ந்து பாடவிட்டு, காதை மட்டும் பிரிக்க வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. யெவ்கேனியா லின்யோவா என்ற பாட்டுச் சேகரிப்பாளர் 1897-லேயே ஃபோனோகிராஃப் என்ற அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், கிராமத்தார் கூட்டாகப் பாடுவதைக் குரல் குரலாக எழுதப் பார்த்தார். அவரிடம் இருந்தது ஒரே குழல். பாடகருக்கு ஒரு மைக் என்று வைத்து எழுதிய ரஷ்ய நாட்டுப்பாடல்களை மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் ஆன்னா ருட்னேவாவும் உடன் உழைத்தவர்களும் 1979-இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்ததைத்தான் நான் சமையலறையில் செய்து பார்த்தேன்.

மூன்றாவது முயற்சி, மே. சாமான் கணக்கு இது: பழைய டைனமிக் மைக் நான்கு, ஒன்று 3,000 ரூபிள் வீதம் 12,000. தரையில் நிற்கும் ஸ்டாண்டு நான்கு, 5,600. ஐந்து மீட்டர் கேபிள் நான்கு, 2,400. ஜூம் எச்6 ரெக்கார்டர் இரண்டு நாள் வாடகை 2,400. பேட்டரி 400. இதுவரை போய்வந்த பெட்ரோல் மூன்று தடவைக்கு 2,700. மொத்தம் 25,500 ரூபிள். ரூபிளும் நம் ரூபாயும் இப்போது ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதால் ஊரில் இருப்பவர்கள் அப்படியே ரூபாயாக வைத்துக்கொள்ளலாம். எச்6-ஐ எடுத்ததற்குக் காரணம், அதில் நான்கு மைக்கை நேராகச் செருகலாம், நான்கும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். கண்டென்சர் மைக் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது அறை முழுவதையும் கேட்கும். எனக்கு வேண்டியது எதிரே இருக்கும் வாயை மட்டும் கேட்கிற, கொஞ்சம் மந்தமான மைக்.

முதலில் நான்கு பேரையும் மீட்டருக்கு ஒருவராகத் தள்ளி உட்காரவைத்தேன். ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் விழாமல் இருக்கட்டும் என்று. பாட்டு இரண்டாம் கண்ணியிலேயே சிதறியது. அவர்களுக்குத் தோளோடு தோள் இடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மூச்சிழுப்பது உடம்பில் தெரிய வேண்டும். சரி என்று வழக்கம்போலவே உட்காரச் சொல்லிவிட்டு, அளவுநாடாவை எடுத்து அளந்தேன். ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு 50 சென்டிமீட்டர். மைக்குகளுக்கு நடுவே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் போதும் என்பது ஒலிப்பதிவில் பழைய கணக்கு. அப்படியென்றால் மைக்கை 15 சென்டிமீட்டரில் வைத்தால் சரியாக வந்துவிடுகிறது. தோள் இடிக்கும் தூரமும் மைக்குக்கு வேண்டிய தூரமும் ஒன்றாக அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மைக்கை முகத்துக்கு நேரே வைக்காமல், மோவாய்க்குக் கீழே வைத்து மேல்நோக்கிச் சாய்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாவிட்டால் அவர்களால் பாட முடியாது.

அப்புறம் அறை. சுவர்க் கடிகாரத்தைப் பக்கத்து அறைக்கு அனுப்பினேன். குளிர்பதனப் பெட்டியின் ஹூங்காரம் எல்லா மைக்கிலும் விழுந்தது. அதை நிறுத்திவிட்டுக் கார்ச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். கிளம்பும்போது சாவியைத் தேடினால் பெட்டியைத் திரும்பப் போடும் ஞாபகம் வந்துவிடும். இவ்வளவும் செய்தபிறகு, சோதனைப் பதிவில் எங்கிருந்தோ டொக், டொக் என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் தேடினேன். எழுபதைத் தாண்டிய இருவரில் மூத்தவர், பாடும்போது மோதிர விரலால் மேசையை லேசாகத் தொடுவார். மோதிரம் மரத்தில் பட்டு, மரத்திலிருந்து தரைக்கு இறங்கி, ஸ்டாண்டு வழியாக மைக்குக்கு ஏறியிருக்கிறது. மோதிரத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேசைமேல் ஒரு கம்பளிச் சால்வையை விரித்தேன், ஸ்டாண்டு கால்களுக்கு அடியில் பழைய காலுறைகளை மடித்து வைத்தேன். சத்தம் போய்விட்டது.

ஒலி அளவிலும் ஒருமுறை சறுக்கினேன். மாமியார் தனியாகத் தொடங்குவதை வைத்து அளவைச் சரிசெய்திருந்தேன். மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் அவர்கள் எல்லோருடைய பலமும் ஒரே அடியாக எழுந்து, மீட்டர் சிவப்பைத் தொட்டது. பின்பாட்டின் உச்சியில் கழித்தல் 10 டெசிபெலுக்குள் நிற்கும்படி குறைத்து, 24 பிட்டில் பதிவு செய்தேன். முன்பாட்டு சன்னமாகப் பதிந்தாலும் 24 பிட்டில் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

மூன்று தடவை பாடினார்கள். முதல் தடவை எல்லோரும் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, தேநீருக்கும் பிரோஷ்கி என்ற பூரணம் வைத்த ரொட்டிக்கும் பிறகு, நன்றாக வந்தது. மூன்றாவது தடவை மைக்கை மறந்தே போனார்கள். அந்த மூன்றாவது பதிவை இன்றுகூடக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

வீட்டில் பாபுஷ்காவின் கோப்பை மட்டும் திறந்து கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்துக் குரல்கள் பின்னால் மெலிதாக இருக்கின்றன, அவர் குரல் முன்னால் தெளிவாக. எண்பத்தொரு வயதுக் குரல், மேலே போகிற இடத்தில் ஒரு சின்னக் கீறலோடு.

அடுத்தது எழுதியெடுப்பது. இங்கேயும் முதலில் வழி தவறினேன். முதல் கண்ணியின் மேல்குரலைச் சுரம் சுரமாக எழுதி, அதுதான் மெட்டு என்று மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன். இரண்டாம் கண்ணியில் அதையே பாடினால் மற்ற குரல்களோடு இடித்தது. எடுத்துப் பார்த்தால், அவர் ஐந்து கண்ணியையும் ஐந்து விதமாகப் பாடுகிறார். மூன்று பதிவிலும் சேர்த்துப் பதினைந்து கண்ணி. முழுக்க ஒரேமாதிரியான இரண்டுகூட இல்லை. அப்புறம் சார்ட் தாள் ஒன்றை வாங்கி, பதினைந்து வரிசை போட்டு, எல்லாச் சுரத்தையும் எழுதாமல், அவர் வந்து நிற்கிற இடங்களை மட்டும் புள்ளி வைத்தேன். பொழுது விடிந்தாற்போல இருந்தது. அவர் நுழைகிற அசை பதினைந்திலும் ஒன்றே. கண்ணி முடியும்போது எல்லோரோடும் ஒரே சுரத்தில் வந்து இறங்குவது பதினைந்திலும் உண்டு. நடுவில் ஏறிப்போக நான்கே வழிகள், அவற்றை மாற்றி மாற்றிப் போகிறார். எந்த வழி என்பதை முன்பாட்டு அந்தக் கண்ணியை எப்படித் தொடங்கியது என்பது தீர்மானிக்கிறது. மாமியார் முதல் "ஓய்"-யை நீட்டினால் பாபுஷ்கா உயரத்துக்குப் போய்விடுகிறார். சுருக்கினால் தாழ்வாகவே வருகிறார்.

மூச்சுக்கு நான்கு நிறப் பேனா. யார் எங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்று நான்கு கோப்பிலும் தேடித் தேடிக் குறித்தேன். இதில்தான் அதிக நேரம் போனது, ஆனால் பாட்டின் குணம் எனக்குப் புரிந்ததும் இதில்தான். கண்ணிகளுக்கு நடுவே தவிர, இரண்டு பேர் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பதே இல்லை. ஒருவர் சொல்லின் நடுவிலேயே விட்டுவிட்டு மூச்சு வாங்கி, "ஓய்" என்று சேர்ந்து, அதே சொல்லைத் திரும்ப எடுப்பார். மற்ற மூவர் அந்த நேரம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே கேட்பவருக்குப் பாட்டு மூச்சே விடாததுபோல் இருக்கும். எனக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒருநாள் சொன்னபோது பாபுஷ்கா, "வேண்டுமென்கிற இடத்தில் எடுத்துக்கொள், நாங்கள் இருக்கிறோம் இல்லையா" என்றார்.

பயிற்சிக்கு அவருடைய கோப்பை மௌனமாக்கிவிட்டு மற்ற மூன்றையும் ஓடவிட்டேன். தினமும் இருபது நிமிடம். அடுக்குமாடி வீட்டில் இந்தக் குரலை எழுப்ப முடியாது. வேலை முடிந்து வரும் வழியில் வோல்கா கரையில் காரை நிறுத்திப் பாடினேன். பழக்கதோஷத்தில் கைபேசியில் தம்புரா செயலியைப் போட்டு, முன்பாட்டின் சுருதிக்கு வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் ஊரில் நான்கு வருடம் பாட்டு கற்றிருக்கிறேன், சுருதி இல்லாமல் வாயைத் திறக்க வராது. முதல் கண்ணி சேர்ந்தது. நான்காம் கண்ணிக்குள் தம்புராவும் பாட்டும் ஒன்றையொன்று அறுத்தன. என்மேல்தான் பிழை என்று பத்து நாள் திரும்பத் திரும்பப் பாடினேன். பிறகுதான் சானிக் விஷுவலைசர் என்ற மென்பொருளில் பதிவைப் போட்டுச் சுருதியை அளந்தேன். முதல் கண்ணி இறங்கி நிற்கும் சுரம் 220 ஹெர்ட்ஸ், கடைசிக் கண்ணியில் 231. கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறியிருக்கிறார்கள், நான்கு பேரும் ஒன்றாக, ஒருவருக்கொருவர் துளியும் விலகாமல். முதல் கண்ணிக்கு 52 விநாடி, கடைசிக்கு 44. சூடு ஏற ஏறப் பாட்டு தானே எழும்புகிறது. தம்புராவை நிறுத்தினேன். சுருதி என்பது இங்கே பக்கத்தில் இருக்கும் தோள்தான் என்று பழக எனக்கு நாளாயிற்று.

குரலையும் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் மெல்லிய தலைக்குரலில் ஏறினேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவர்கள் முன்னால் பாடிக்காட்டியபோது மாமியார் தலையை ஆட்டிவிட்டு என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். எதிர்க்கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "அவரைக் கூப்பிடு" என்றார் மாமியார். கூப்பிட்டேன். "பாடாதே, கூப்பிடு." நான்காவது தடவை கத்தாமலே சத்தம் தண்ணீர்மேல் ஓடியது, அவரும் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார். "இந்த இடத்திலிருந்து பாடு" என்றார் மாமியார். அந்த உற்சாகத்தில் அடுத்த மூன்று நாள் ஒரு மணி நேரம் பாடித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டேன். நான்கு நாள் பேசக்கூட முடியவில்லை. இருபது நிமிடத்துக்குமேல் வேண்டாம். தொண்டையில் கீறல் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

சொற்களையும் குறைத்தேன். ஐந்து கண்ணியையும் அட்சரசுத்தமாக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஆனால் மேலே போய் மெய்யெழுத்தை அழுத்தினால் குரல் அங்கே வெட்டுப்படுகிறது. பாபுஷ்கா சொல்லின் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு மெய்யைக் கீழே இருப்பவர்களிடம் விட்டுவிடுகிறார். கதை அவர்கள் பொறுப்பு.

கடைசியாகப் பாட்டின் உணர்ச்சிபாவம். இதைச் சொல்லாமல் விட முடியாது. நான் இதைத் துக்கப் பாட்டாகப் பாடினேன். சாவு வரப்போகிறது என்ற கனவு அல்லவா? குரலைத் தணித்து, எசாவுல் பலன் சொல்லும் இடத்தில் மெதுவாக்கி, கடைசிச் சுரத்தைக் கரைத்து விட்டேன். மேடைக் கச்சேரிகளில் கேட்டது அப்படித்தான். மூவரும் பேசாமல் இருந்தார்கள். பாபுஷ்காதான், "நீ அழாதே, அவன் அழவில்லை" என்றார். திரும்பப் போய்ப் பதிவைக் கேட்டேன். ஐந்தாம் கண்ணியில் அவர்கள் துளியும் தணியவில்லை. சொன்னேனே, வேகம் ஏறித்தான் இருக்கிறது. முகத்தில் சோகம் காட்டுவதில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துப் பாடுகிறார்கள். டான் கொசாக்குகள் பாட்டைப் பாடுவது என்று சொல்வதில்லை, "இக்ராத்" என்பார்கள். விளையாடுவதற்கும் வாத்தியம் வாசிப்பதற்கும் நடிப்பதற்கும் அதே சொல்தான். தலை போகும் என்று கேட்டவன் குதிரையைவிட்டு இறங்கவில்லை. அந்த நிமிர்வு குரலில் இருக்கவேண்டும். துக்கம் கேட்பவருக்குத் தானாக வரும். எனக்கு வந்தது.

பொக்ரோவ் அன்று மேசையில் பன்னிரண்டு பேர். சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்தபிறகு மாமியார் எதுவும் சொல்லாமல் முன்பாட்டை எடுத்தார். பாபுஷ்கா என் இடப்பக்கம் உட்கார்ந்து கீழ்க்குரலில் சேர்ந்தார். நான் நுழையவேண்டிய அசையில் நுழைந்தேன். முதல் கண்ணி சரியாகப் போனது, இரண்டாவது அதைவிட நன்றாக. மூன்றாவதில், காற்று தொப்பியை அடித்துக்கொண்டு போகும் இடத்தில், மாமியார் "ஓய்"-யை நான் எதிர்பார்த்ததைவிட நீட்டினார். எனக்குத் தாழ்வான வழிதான் ஞாபகத்தில் இருந்தது. ஒரு கணம் வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் கணத்தில் பாபுஷ்கா தலையைத் திருப்பாமலே மேலே ஏறிப் பிடித்தார், நான் மூச்சு வாங்கிச் சேர்ந்ததும் இறங்கிவிட்டார். மேசையில் இருந்தவர்களுக்கு நான் தவறியது தெரிந்திருக்காது. முடிந்ததும் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மாமியார் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு அடுத்த பாட்டை எடுத்தார்.

அடுத்த பாட்டுக்கு மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. ஸ்டாண்டு நான்கு தேவையில்லை. மேசை விளிம்பில் பிடிக்கும் கிளாம்ப் போதும் என்று நினைக்கிறேன். மேசைமேல் சால்வையை விரித்து, கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே காலுறையை வைத்துப் பார்க்க வேண்டும். முகங்கள் தெரியும்படி ஒரு கைபேசியில் வீடியோ எடுத்திருக்க வேண்டும். மூச்சு எடுப்பது கண்ணுக்குத் தெரியும், நான்கு நிறப் பேனாவோடு மூன்று வாரம் காதால் தேடியிருக்க வேண்டாம். எழுதும்போது முதலில் நுழைகிற இடம், இறங்குகிற இடம், மூச்சு, இந்த மூன்று மட்டும். சுரம் பிறகு. தனித்தனியாகப் பதிவு செய்யும் பேச்சே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது ஒன்று. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பொறுப்பாக ரெக்கார்டரை நிறுத்தினேன். அந்த இடைவெளிகளில்தான் பாபுஷ்கா இந்த மேல்குரலை யாரிடம் கேட்டுக் கற்றார், அவர்கள் எப்படி வேறுமாதிரி ஏறுவார்கள் என்று பாடியே காட்டினார். அது எதுவும் என்னிடம் இல்லை. நான்கு தடமும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் மணிக்கு 2 ஜிபிதான் ஆகிறது. 32 ஜிபி அட்டையில் பகல் முழுவதும் ஓடவிடலாம். வருகிற சனிக்கிழமைக்கு ரெக்கார்டரை மறுபடி வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போதே பொத்தானை அழுத்திவிடுவேன், எல்லோரும் கிளம்பிய பிறகுதான் நிறுத்துவேன்.